தண்ணீர்தான் கடினம்: வாய், தொண்டைப் புற்றுநோயில் விழுங்கும் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும்

தொண்டைக்குக் கதிர்வீச்சு முடித்து வீட்டுக்கு வருகிறவருக்கு வேலூர், குடியாத்தம் பக்கத்து வீடுகளில் இரண்டு யோசனைகள் தவறாமல் கிடைக்கும். "கொஞ்ச நாள் தொண்டைக்கு ரெஸ்ட் குடுப்பா, தானா ஆறிடும்" என்பது ஒன்று. "சோறு எறங்கலன்னா தண்ணியக் குடிச்சி உள்ள தள்ளு" என்பது இன்னொன்று. இரண்டும் அக்கறையில் வருபவை, இரண்டும் தவறு. சும்மா விட்ட தொண்டைத் தசை சில மாதங்களில் இறுகிப்போகிறது. தள்ளிவிடக் குடித்த தண்ணீர் பல சமயம் போய்ச் சேருவது நுரையீரலில்.

பீடி, வெற்றிலைப் பாக்கு, ஹான்ஸ் என்று புகையிலையும் பாக்கும் பல உருவில் புழங்கும் பகுதி இது. நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் கட்டிகளைச் சேர்த்துத் தலை, கழுத்துப் புற்றுநோய் என்கிறார்கள். அறுவை, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு), கீமோ என்ற மூன்றைப் பற்றியும் குடும்பங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னால் மட்டும் "பேச்சு நல்லாத்தான இருக்கு, அங்க எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பேசவும் விழுங்கவும் உடம்பு வைத்திருப்பது ஒரே கருவிகள்: உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை, குரல்வளை. அதனால்தான் இரண்டையும் ஒருவரே பார்க்கிறார்.

கை, கால் விழுந்தவருக்குப் பயிற்சிதான் மருந்து என்பதை இந்த ஊர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று நடத்திய புனர்வாழ்வு நிலையம் ஊரையொட்டிய பாகாயத்தில் 1966இலேயே வந்துவிட்டது. தொண்டையும் தசைதான் என்பது மட்டும் இன்னும் பரவலாகப் பதியவில்லை.

ஒரு வாய் உள்ளே போகும் வழி

வாயில் இருக்கும் கவளத்தை நாக்கு அண்ணத்தோடு அழுத்திப் பின்னால் தள்ளுகிறது. அதே நொடியில் மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குப் பாதையை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக நகர்கிறது. நாம் கழுத்தில் தொட்டுப் பார்த்தால் ஏறி இறங்குவது தெரியுமே, அதுதான். குரல்நாண்கள் மூடுகின்றன, அவற்றுக்கு மேல் குரல்வளை மூடி கவிழ்கிறது, உணவுக்குழாயின் வாயில் இருக்கும் வளையத் தசை தளர்ந்து திறக்கிறது. தொண்டைப் பகுதியில் நடக்கும் இந்த வேலை முழுவதும் ஏறக்குறைய ஒரு நொடியில் முடிகிறது. மூச்சும் உணவும் ஒரே சந்திப்பைக் கடப்பதால் இந்த ஒரு நொடிக்குள் வரிசை பிசகக் கூடாது.

நோயும் சிகிச்சையும் எந்த இடத்தைத் தொட்டன என்பதைப் பொறுத்துப் பிசகும் மாறும். நாக்கில் பாதியை எடுத்தவருக்குக் கவளத்தைத் திரட்டித் தள்ள ஆள் பற்றாது. உணவு கன்னத்தின் ஓரத்தில் தங்கும். அண்ணத்தில் ஓட்டை விழுந்தவருக்கு மோர் மூக்கு வழியாக வரும். கதிர்வீச்சு வாங்கிய தொண்டையில் குரல்வளை போதிய உயரம் ஏறாது, நாக்கின் அடிப்பகுதி பின்சுவரைத் தொடாது. விழுங்கிய பிறகும் பாதி அங்கேயே தேங்கி, அடுத்த மூச்சில் கீழே வழியும்.

இங்கேதான் தண்ணீரின் கதை வருகிறது. தண்ணீர் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடும். மூட வேண்டிய கதவுகள் அரை நொடி தாமதித்தாலும் அது அதற்குள் மூச்சுக்குழாயில் இருக்கும். வாயில் அடங்கி நிற்கவும் செய்யாது; நாக்கு தள்ளுவதற்கு முன்பே தானாகப் பின்னால் நழுவும். நல்ல உடம்புக்கு எளிதாகத் தெரிகிற ரசமும் வெந்நீரும் காபியும் இவர்களுக்குக் கடினமானவை. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கெட்டி என்று நினைத்துக் கொடுப்பார்கள். வாய்ச் சூட்டில் உருகியதும் அவையும் தண்ணீர்தான்.

தண்ணீர் எல்லோருக்கும் ஆகாது என்றும் அர்த்தமில்லை. வளையத் தசை சரியாகத் திறக்காதவருக்கு, அல்லது அறுவைக்குப் பின் தொண்டை சுருங்கியவருக்கு, நீர்த்ததுதான் இறங்கும், கெட்டியானது நிற்கும். யாருக்கு எது என்பதைப் பரிசோதனை சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிப்பட்டது இவருக்கு ஆகாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

களி, கூழ், சிரிஞ்ச்

"கொழ கொழன்னு ஏதாவது குடுங்க" என்று சொல்லி அனுப்பினால் எந்த வீட்டிலும் ஒரே மாதிரி வராது. இதற்கென்று ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அளவுமுறை இருக்கிறது. 0 என்பது தண்ணீர். 4 என்பது ஸ்பூனில் நிற்கும் கூழ்மம். 7 என்பது வழக்கமான சாப்பாடு. அளக்கத் தேவைப்படுவது ஒரு 10 மி.லி. சிரிஞ்சும் செல்போனில் இருக்கும் கடிகாரமும். சிரிஞ்சில் 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறும், முடிவும் மாறிவிடும். தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. கோடு வரை கூழை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். மீதி 1 மி.லி.க்குக் குறைவென்றால் அது 0. 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் நின்றால் நிலை 3. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நிலை 4 அல்லது அதற்கு மேல். தெரபிஸ்ட் "நிலை 2 கொடுங்கள்" என்று எழுதியிருந்தால், கேழ்வரகுக் கூழில் எவ்வளவு மோர் விட்டால் அந்த நிலை வருகிறது என்பதை இப்படிப் பார்த்து, அந்த டம்ளர் கணக்கைச் சமையலறைச் சுவரில் எழுதிவைத்துக்கொள்ளலாம். கூழ் ஆற ஆறக் கெட்டிப்படும் என்பதால், சாப்பிடும் சூட்டில்தான் அளக்க வேண்டும்.

களி வேறு விஷயம். வட ஆற்காட்டில் களியை மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவதுதான் பழக்கம். மெல்ல முடியாதவருக்கு இது வசதி என்று தோன்றும், பலர் முதலில் கேட்பதும் இதைத்தான். நிலை 4க்கான சோதனையை வைத்துப் பாருங்கள்: ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்தால், உருவம் கலையாமல் முழுசாக நழுவி விழ வேண்டும், ஸ்பூனில் மெல்லிய படலம் மட்டும் ஒட்டலாம். களி விழாது. ஸ்பூனில் ஒட்டுவது, பலமிழந்த நாக்கடியிலும் அதே மாதிரி ஒட்டும். மேலே ஊற்றிய குழம்பு அதைச் சுற்றி ஓடி முதலில் உள்ளே போகும், களி பின்னால் தங்கும். தொண்டையில் உமிழ்நீரும் வற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். களிக்கு ஏங்குபவருக்கு அதே கேழ்வரகைத் தளர்வாகக் கிண்டி, நெய்யோ வெண்ணெயோ விட்டு மசித்து, ஸ்பூனிலிருந்து நழுவும் பதத்துக்குக் கொண்டுவந்து, பரிசோதனை அனுமதித்தால் கொடுக்கலாம். அது களி ஆகாதுதான், ஆனாலும் வாசனை அதுதான்.

இரண்டு பதங்கள் ஒன்றாக வாய்க்குள் போவதும் வம்பு. சாம்பாரில் மிதக்கும் இட்லி, பருக்கையும் நீரும் பிரிந்து நிற்கும் கஞ்சி, வெங்காயம் போட்ட கூழ் எல்லாம் இந்த வகை. திடத்தை மெல்ல முயலும்போதே நீர் ஓடிவிடுகிறது. இட்லியைச் சாம்பாரிலேயே பிசைந்து, தனியே நீர் நிற்காதபடி ஒரே விழுதாக்கிவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்கிறது. பொங்கல் சூடாக இருக்கும்போது நல்லது, ஆறினால் பசை. மிளகையும் முந்திரியையும் எடுத்துவிட வேண்டும். ஆம்பூர் பிரியாணி கடைசியாக மீண்டு வரும் உணவு: உதிரி உதிரியான பருக்கை, நார்க்கறி, காரம் மூன்றும் சேர்ந்தது அது. குழம்புப் பதத்தில் மசிய அரைத்த கறியோடு, குழைய வெந்த சோற்றில் தொடங்கிப் பல மாதங்களில் அங்கே போய்ச் சேரலாம்.

இன்னொரு நுணுக்கம். மாவால் கெட்டியாக்கிய கஞ்சியில் எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்ப விட்டால், எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை நீர்க்கச் செய்துவிடும். தொடக்கத்தில் நிலை 2ஆக இருந்தது கிண்ணத்தின் அடியை எட்டும்போது நிலை 0. சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பது நல்லது.

இருமல் வராமலே புரையேறுவது

புரையேறினால் இருமல் வரும் என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம். கதிர்வீச்சு வாங்கிய குரல்வளையில் உணர்ச்சி மங்கிவிடுவதால், நீர் குரல்நாண்களுக்குக் கீழே இறங்கியும் ஒரு செருமல்கூட வராமல் போகலாம். இதை வெளியிலிருந்து கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் வீடியோவாக எடுப்பது ஒரு வழி. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கி, நிறம் சேர்த்த பாலையோ கூழையோ விழுங்கும்போது நேரில் பார்ப்பது இன்னொரு வழி. எது உள்ளே போகிறது என்பதோடு, தலையை எந்தப் பக்கம் திருப்பினால் போகாமல் நிற்கிறது என்பதையும் அங்கேயே சோதித்துவிடலாம். ஒரு பக்கத் தொண்டை பலவீனமாக இருந்தால் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி விழுங்கச் சொல்வார்கள். அந்த வழி அடைபட்டு, உணவு நல்ல பக்கம் இறங்கும். தாடையை நெஞ்சை நோக்கிக் குனிந்து விழுங்குவது சிலருக்குத் துணை, சிலருக்குக் கெடுதல். பார்க்காமல் பொதுவாகச் சொல்லக்கூடிய ஆலோசனை இதில் குறைவு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: குடித்தபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்பது, சாப்பிடும்போது மூச்சு வாங்குவது, ஒரு வேளைச் சாப்பாடு அரை மணிக்கு மேல் இழுப்பது, காரணம் தெரியாமல் சாயங்காலக் காய்ச்சல், ஒரே மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு இறங்குவது. இவற்றில் எதுவும் "கரண்ட் வச்சா அப்படித்தான்" என்று ஒதுக்கத் தக்கதல்ல.

உள்ளே போவது எது என்பதைப் போலவே, அது எவ்வளவு அழுக்கானது என்பதும் முக்கியம். சுத்தமான வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் உடம்பு பெரும்பாலும் சமாளித்துவிடும். பல் துலக்காத வாயின் கிருமிகளைச் சுமந்துகொண்டு போனால் நிமோனியா. மூக்குக் குழாயில் சாப்பிடுபவர் வாயால்தான் சாப்பிடுவதில்லையே என்று பல் துலக்குவதை நிறுத்திவிடுகிறார். அவருக்குத்தான் அது இன்னும் அவசியம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து ஒரு நாளில் பலமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

பயிற்சி தொடங்க வேண்டிய நாள்

முழு அளவுக் கதிர்வீச்சு என்றால் வழக்கமாக 66 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 33 முதல் 35 தடவைகளாக, வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரத்தில் வாய் வெந்துபோகத் தொடங்கும், கடைசி வாரங்களிலும் முடிந்தபின் சில வாரங்களிலும் உச்சத்தில் இருக்கும். பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த உச்சத்தில் வருகிறார்கள். அப்போது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. எச்சிலை விழுங்கவே கண்ணீர் வரும். முதல் நாள் கரண்டுக்கு முன்பே கற்று, வலி இல்லாதபோதே கைவந்திருந்தால்தான் வலியிலும் தொடர முடியும்.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2013இல் 497 நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. சிகிச்சைக் காலத்தில் கொஞ்சமாவது வாயால் சாப்பிட்டு, பயிற்சியும் செய்தவர்கள் பின்னால் நன்றாகச் சாப்பிட்டார்கள். இரண்டையும் விட்டவர்கள் பின்தங்கினார்கள். ஒன்றை மட்டும் செய்தவர்கள் நடுவில். பிற ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் ஒரு பெரிய சிக்கல், பலர் பாதியிலேயே பயிற்சியை விட்டுவிட்டது.

அதனால் வலிக்கு ஏற்பாடு செய்வது பயிற்சியின் ஒரு பகுதி. வலி மாத்திரையோ சிரப்போ எடுத்து அரை மணி கழித்துச் சாப்பாடும் பயிற்சியும் வைத்துக்கொள்ளலாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தொண்டையில் தடவிக்கொண்டு உடனே குடிப்பது ஆபத்து. இருக்கும் கொஞ்ச உணர்ச்சியும் போய்விடும்.

பயிற்சிகள் பல உண்டு, எல்லாம் எல்லோருக்கும் இல்லை. வழக்கமாகத் தரப்படுபவற்றில் எளியது, பெரிய மாத்திரையை விழுங்குவதுபோல நாக்கை அண்ணத்தில் இறுக அழுத்திப் பலங்கொண்ட மட்டும் விழுங்குவது. பத்து தடவை, ஒரு நாளில் மூன்று முறை என்று தொடங்குவார்கள். அடுத்தது, விழுங்கும்போது குரல்வளை மேலேறியதும் அதை இரண்டு நொடி அங்கேயே பிடித்துவைப்பது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துப் பழக வேண்டும். இதைத் தவறாகச் செய்பவர்களில் பலர் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு குரல்வளையை விட்டுவிடுகிறார்கள். நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே மெதுவாகக் கடித்துக்கொண்டு விழுங்குவது நாக்கடிக்கும் தொண்டைப் பின்சுவருக்கும் வேலை கொடுக்கும். இதை வெறும் எச்சிலோடு மட்டுமே செய்ய வேண்டும். அந்த நிலையில் நாக்கு கட்டுண்டிருப்பதால், உணவோடு செய்தால் புரையேறும்.

கழுத்தின் முன்தசைகளுக்கு மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் கட்டைவிரலைப் பார்க்கும் பயிற்சி பழையது: ஒரு நிமிடம் தூக்கி, ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று முறை, பிறகு 30 தடவை தூக்கி இறக்குவது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்களும் இதைச் செய்யக் கூடாது. உட்கார்ந்தபடி தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே சுருட்டிய டவலையோ சிறு ரப்பர் பந்தையோ வைத்து அழுத்துவது கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது. தினமும் பஸ் ஏறி வந்து போகிறவருக்கு உட்கார்ந்து செய்யும் பயிற்சிதான் நடக்கிற காரியம்.

திறக்காத வாய்

முன்பற்களுக்கு இடையிலான திறப்பு 35 மி.மீ.க்குக் குறைந்தால் வாய்ப்பூட்டு எனலாம். தன் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்பது வீட்டுச் சோதனை. பாக்கு, மாவா போட்டுக் கன்னம் நாராக இறுகியவர்கள் சிகிச்சைக்கு வரும்போதே இரண்டு விரலில் இருப்பார்கள். மெல்லும் தசைக்குக் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஒரு விரல். பிறகு ஸ்பூன் நுழையாது, பல் டாக்டரால் உள்ளே பார்க்க முடியாது, நோய் திரும்பியிருந்தாலும் தெரியாது.

ஐஸ் குச்சிகளை அடுக்கி நூலால் கட்டிக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே வைத்து, வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பது மலிவான வழி. ஒரு குச்சி ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். கருவியோ குச்சியோ, ஏழு தடவை நீட்டி, ஒவ்வொன்றையும் ஏழு நொடி பிடித்து, ஒரு நாளில் ஏழு முறை செய்வது பரவலான கணக்கு. ஒரேயடியாக நெம்பித் திறப்பது தசையில் கிழிசலை உண்டாக்கி இன்னும் இறுக வைக்கும். பல் ஆடினாலோ, தாடை எலும்பு வெளியே தெரிந்தாலோ, தாடையில் புதிதாகத் தகடு வைத்திருந்தாலோ கேட்காமல் தொடக் கூடாது. பிடுங்க வேண்டிய பற்களைக் கதிர்வீச்சுக்கு இரண்டு வாரமாவது முன்பே பிடுங்கிவிட வேண்டும் என்பதும் இதே தாடை எலும்பை நினைத்துத்தான்.

மூக்குக் குழாய்

எடை வேகமாக இறங்கினால் மூக்கு டியூப் போடுவார்கள், நீண்ட காலம் தேவைப்பட்டால் வயிற்றில் குழாய். இதில் தோல்வி எதுவும் இல்லை. குழாய் வந்ததும் வாயை முழுதாக மூடிவிடுவதுதான் கெடுக்கிறது. தெரபிஸ்ட் அனுமதித்த பதத்தில் இரண்டு ஸ்பூனாவது தினமும் விழுங்கிக்கொண்டே இருந்தவருக்குக் குழாயை எடுப்பது எளிது.

நிமிர்ந்து உட்காரவைத்து ஊற்ற வேண்டும், முடிந்தபின் அரை மணியாவது படுக்கவிடக் கூடாது. முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சியும் சரியாகப் பொடிக்காத மாத்திரையும் அடைப்புக்கு முதல் காரணம். மூக்கருகே குழாயில் போட்ட மார்க்கர் கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஒரு மி.லி.கூட ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்; நுனி மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம்.

நாக்கு குறைந்தபின் தமிழ்

தமிழில் நாக்கு நுனிக்கு வேலை அதிகம். த, ந, ல, ர, ன தொடங்கி நாக்கை மடக்கிச் சொல்லும் ட, ண, ள, ழ வரை எல்லாம் அதன் பொறுப்பு. நாக்கின் ஒரு பக்கத்தை எடுத்தும் நுனி தாராளமாக அசைந்தால் பேச்சு பெரும்பாலும் புரியும்படி மீள்கிறது. எடுத்த அளவு சிறியதாக இருந்தும் நுனி வாயின் அடித்தளத்தோடு ஒட்டிக்கொண்டால் பேச்சு அதிகம் கெடுகிறது. நெஞ்சிலிருந்தோ முன்கையிலிருந்தோ சதை எடுத்து வைத்துத் தைத்த இடம் பருமனை ஈடுகட்டும். தானாக அசையாது, உணர்ச்சியும் இராது. மீதமுள்ள நாக்குதான் அதையும் இழுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

பயிற்சியில் எழுத்துகளைப் புத்தக வரிசையில் எடுத்துக்கொண்டு போவது நேர விரயம். இந்தப் பக்கத்துப் பேச்சில் பழம் பலருக்குப் 'பளம்' அல்லது 'பயம்'தான். ஆயுள் முழுவதும் ழகரம் சொல்லாதவரிடம் அதைக் கேட்டு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. அவர் தினமும் சொல்ல வேண்டியவை எவை என்று பட்டியல் போடலாம்: வீட்டாரின் பெயர்கள், கண்டக்டரிடம் சொல்ல வேண்டிய 'காட்பாடி', 'குடியாத்தம்', கடையில் கேட்கும் சாமான்கள். ட வராதவர் கீழுதட்டையோ நாக்கின் நடுவையோ வைத்து அதற்கு நெருக்கமான ஒலி ஒன்றை உண்டாக்கிக்கொள்வார். கேட்பவர் காது இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். வேகத்தைக் குறைப்பதும், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதும், வாயில் தேங்கிய எச்சிலை விழுங்கிவிட்டுப் பேசத் தொடங்குவதும் பல எழுத்துப் பயிற்சிகளைவிட அதிகம் உதவும். நாக்கு அண்ணத்தை எட்டவே முடியாதவருக்கு, அண்ணத்தைக் கீழே இறக்கித் தரும் பிளேட் ஒன்றைப் பல் மருத்துவத் துறையில் செய்து தருவார்கள். விழுங்கவும் அது உதவும். மேல்தாடையை எடுத்து ஓட்டை விழுந்தவருக்கு அதை அடைக்கும் பிளேட் வேறு. அதைப் போட்ட அன்றே மூக்கால் பேசுவது பாதிக்கு மேல் குறைவதுண்டு.

குரல்வளை எடுத்தவர்

குரல்வளையை முழுதாக எடுத்தபின் மூச்சு கழுத்துத் துளை வழியாக மட்டுமே. வாய்க்கும் நுரையீரலுக்கும் இனித் தொடர்பில்லை. குரல் திரும்ப மூன்று வழி. கழுத்தில் வைத்து அழுத்தும் அதிர்வுக் கருவி, காற்றை உணவுக்குழாயில் வாங்கி ஏப்பம்போல் வெளியே விட்டுப் பேசுவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளையிட்டு வைக்கும் சிறு சிலிக்கோன் வால்வு. முதலாவது ஒரே சுருதியில் இயந்திரம்போல ஒலிக்கும், ஆனால் கற்க அதிக நாள் ஆகாது. இரண்டாவதற்குச் செலவில்லை, கற்க மாதங்கள் ஆகும், பலருக்கு வராமலும் போகும். மூன்றாவதில்தான் இயல்புக்கு மிக நெருங்கிய குரல். மூச்சை இழுத்து, கட்டைவிரலால் கழுத்துத் துளையை மூடி, மூச்சை விட்டால் காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குப் போய் அங்குள்ள சதையை அதிரவைக்கும்.

வால்வுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் காளான் படிந்து மூடாமல் கசியும். நிறமுள்ள ஜூஸ் குடிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தால் கசிவு வால்வின் நடுவிலா ஓரத்திலா என்று தெரியும். நடுவில் என்றால் வால்வை மாற்ற வேண்டும் அல்லது பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஓரத்தில் என்றால் அளவு பொருந்தவில்லை. தினமும் இரண்டு வேளை பிரஷ் போடுவதும் பல் துலக்குவதுபோலக் கட்டாயம். வால்வு வெளியே விழுந்துவிட்டால் துளை சில மணி நேரத்தில் மூடத் தொடங்கும். கற்றுக்கொடுத்தபடி ரப்பர் குழாயை அதில் செருகிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். விழுந்த வால்வு கையில் கிடைக்காவிட்டால் அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூக்கு செய்த வேலையை, காற்றை ஈரமாக்கி வடிகட்டுவதை, இனி ஒரு துணியோ ஃபில்டரோ செய்ய வேண்டும். பீடி சுற்றும் வீட்டின் புகையிலைத் தூளும், பஸ் ஸ்டாண்டு புழுதியும், மே மாத வேலூர் வெயிலும் திறந்த துளைக்கு ஆகாதவை. சளி காய்ந்து கட்டியாகி மூச்சை அடைக்கும். சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்துக்கொள்வது நல்லது: "நான் கழுத்து வழியாக மூச்சு விடுகிறேன். ஆக்சிஜனைக் கழுத்துத் துளையில் வைக்கவும்." மயங்கிக் கிடப்பவரின் வாயில் மாஸ்க் வைத்துவிட்டு நிமிடங்களை இழப்பது நடக்கக்கூடியது.

ஐந்து வருடம் கழித்து

கதிர்வீச்சின் வடு ஓய்வதில்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு ஐந்து, பத்து ஆண்டுகளுக்குப் பின் நாக்கு ஒருபுறம் சுருங்கி, பேச்சு குழறி, சோறு நிற்கத் தொடங்கலாம். நரம்புகளைச் சுற்றி நார் இறுகுவதால் வருவது இது. முதலில் நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். உணவுக்குழாய் வாய் சுருங்கியிருந்தால் எந்தப் பயிற்சியும் அதைத் திறக்காது, மருத்துவர் விரித்துவிட வேண்டும். கழுத்தில் கரண்ட் வாங்கியவருக்குத் தைராய்டு குறைவதும் சகஜம். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காவிட்டால் அந்த மந்தமும் தடித்த குரலும் வயசானதன் கணக்கில் எழுதப்பட்டுவிடும். ஆகவே செக்கப்புக்கு வரும்போது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்: இப்போது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம், வாய் எத்தனை விரல், சென்ற முறையைவிட எடை எத்தனை கிலோ குறைந்திருக்கிறது.